முதுகெலும்பில்லா உலகம் – 9: ஓர் உயிர், நான்கு பெயர்

சென்ற அத்தியாயத்தை ஹாலந்தில், ஆபிரகாம் ட்ரெம்பிளேயின் கண்ணாடிக் குவளைகளருகே நிறுத்தியிருந்தோம். 1740 நவம்பரில் அவர் குறுக்கே வெட்டிய நன்னீர் ஹைட்ரா சாகவில்லை; இரு துண்டுகளும் வளர்ந்து இரண்டு முழு உயிர்களாயின. செடிபோல் கிளைவிடும், வெட்டினால் துளிர்க்கும், ஆனாலும் இரையைப் பிடித்து விழுங்கும். பவளத்தின் பூக்கள் பூக்களே அல்ல, அவை விலங்குகள் என்று மார்செய் மருத்துவர் பெய்சோனெல் 1720-களில் சொன்னபோது பாரிஸ் அறிவியல் அகாதமி காது கொடுக்கவில்லை. ஹைட்ராவைப் பார்த்த பிறகுதான் அந்தப் பழைய கட்டுரையை மறுபடி எடுத்தார்கள். கடற்கரைக்கு ஆள் அனுப்பினார்கள். பெய்சோனெல் சொன்னதே சரி என்று தெரிந்தது. விலங்கா தாவரமா என்ற வழக்கு அத்தோடு தீர்ந்தது. விலங்கு என்றால் எந்த விலங்கு, யாருக்கு யார் உறவு? அடுத்த நூறு ஆண்டுகள் இந்தக் கேள்வியில் கழிந்தன. எல்லோரையும்விட அதிகம் அலைக்கழிந்தது சொறிமீன்.

1758-இல் வெளியான தமது பெருநூலின் பத்தாம் பதிப்பில் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்: பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள், கடைசியாகப் புழுக்கள். எந்த விலங்கானாலும் இந்த ஆறில் ஒன்றுக்குள் வந்தாக வேண்டும். முதல் ஐந்தில் இடம் கிடைக்காதவை எல்லாம் ஆறாவதில் போய் விழுந்தன. லின்னேயஸின் மனம் தாவரங்களில் இருந்தது. ஒவ்வொரு பூவின் மகரந்தத் தாள்களையும் எண்ணிப் பிரித்தவர் அவர். அந்தப் பொறுமை புழுக்களின் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் புழுக்களை ஐந்து வரிசைகளாக வகுத்திருந்தார். ‘மெல்லுடலிகள்’ என்ற வரிசையில் ஓடில்லா நத்தை, கணவாய், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் சாமந்தி, சொறிமீன் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. சொறிமீனுக்கு அவர் வைத்த பேரினப் பெயர் மெடூசா. கிரேக்கக் கதையில் தலைமுடிக்குப் பதில் பாம்புகளைச் சுமந்தவளின் பெயர். நீலக் குமிழாகக் கடல்மேல் மிதந்து, மீட்டர் கணக்கில் கீழே தொங்கும் இழைகளால் கொட்டுகிற ஃபைசேலியாவைக் கொண்டுபோய்க் கடல் அட்டையின் பேரினத்தில் சேர்த்தார். ஹைட்ராவுக்கு ‘தாவர விலங்குகள்’ வரிசையில் இடம். அதே வரிசையில் அதன் பக்கத்தில் நம் குடலில் வாழும் நாடாப்புழு. கல்லாக உறையும் பவளங்களுக்கு ‘கல்தாவரங்கள்’ என்று தனி வரிசை. ஹைட்ரா, பவளம், கடல் சாமந்தி, சொறிமீன் ஆகிய நான்கும் நெருங்கிய உறவு என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். லின்னேயஸின் புத்தகத்தில் அவை மூன்று வரிசைகளில் சிதறிக் கிடந்தன. ஒட்டும் உறவும் இல்லாத கணவாயும் நட்சத்திர மீனும் ஒரே வரிசையில் சேர்ந்திருந்தன. மீனுக்கு உறவான வழும்பு விலாங்கு என்ற மண்டையோட்டு விலங்குகூடக் குடல்புழுக்களோடு அங்கேதான் இருந்தது.

இந்தக் குப்பையை அள்ளிப் பிரிக்கும் வேலை ஒரு தாவரவியலாளர் தலையில் விழுந்தது. 1793 ஜூனில், புரட்சியின் உக்கிரத்துக்கு நடுவே, பாரிஸின் அரச மூலிகைத் தோட்டம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. பன்னிரண்டு பேராசிரியர் பதவிகள். பிரான்ஸ் நாட்டுத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதிப் புகழ்பெற்றிருந்த ஜான் பப்டிஸ்ட் லமார்க்குக்குத் தாவரப் பதவி கிடைக்கவில்லை. பூச்சிகள், புழுக்கள், நுண்விலங்குகள் பற்றிய பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கான பதவியை 21 வயது ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் பெற்றார். ஐம்பதை நெருங்கும் வயதில் வேறொரு துறைக்கு மாற்றப்பட்டால் பெரும்பாலோர் பெயருக்குப் பாடம் நடத்திவிட்டு ஓய்வூதியத்தை எண்ணியிருப்பார்கள். லமார்க் கிளிஞ்சல்களில் தொடங்கி, அருங்காட்சியகத்தின் அலமாரிகளைத் திறந்து, முப்பதாண்டுகள் அதிலேயே மூழ்கினார்.

‘முதுகெலும்பற்ற விலங்குகள்’ என்ற தொகுப்புப் பெயரே அவர் கொடுத்ததுதான். 1801-இல் அந்தத் தலைப்பில் நூல் வந்தது. மெல்லுடலிகள், ஓட்டுக்கணுக்காலிகள், சிலந்தியினம், பூச்சிகள், புழுக்கள், ஆரவிலங்குகள், பாலிப்புகள் (ஹைட்ரா, பவளம் போல ஒட்டி வாழ்பவை) என ஏழு வகுப்புகள். 1809-இல் அவை பத்தாகப் பெருகின. 1815 முதல் 1822 வரை ஏழு தொகுதிகளாகப் பெருநூல். கடைசித் தொகுதிகள் வரும்போது அவருக்குப் பார்வை போய்விட்டது. மகள் படித்துக் காட்ட, அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பரிணாமம் பற்றிய அவருடைய கருத்தை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு மட்டும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடுகிறோம். விலங்கினங்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை மனிதர்கள் முதன்முறையாக ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது அவரால்தான். அந்தக் கடன் அவருக்குத் தீர்க்கப்படவே இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதுகெலும்பு இல்லை என்பது ஓர் உறவு ஆகாது. தேனீக்கும் சொறிமீனுக்கும் இல்லாத ஒன்று பொதுவாக இருக்கிறது என்பதால் அவை பங்காளிகள் ஆகிவிடமாட்டா. லமார்க்குக்கும் இது தெரியும். அதனால்தான் உள்ளே உள்ளே பிரித்துக்கொண்டே போனார்.

சொறிமீன் அவருடைய ஆரவிலங்குகளில், நட்சத்திர மீனோடு சேர்ந்தது. அதே அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் குவியே 1812-இல் விலங்குலகத்தை நான்கு பெரும் பிரிவுகளாக மறுபடி அடுக்கினார்: முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கணுவுடலிகள், ஆரவுடலிகள். மேல்தோற்றத்தை விட்டு, உள்ளே நரம்புகள் எந்தத் திட்டத்தில் அமைந்துள்ளன என்று பார்க்கச் சொன்ன மேதை அவர். ஆனால் நான்காவது பிரிவில் அவருடைய கத்திக்கும் எட்டாத உயிர்கள் குவிந்தன. நடுவிலிருந்து ஆரங்கள்போல் உறுப்புகள் விரிந்தால் ஆரவுடலி. நட்சத்திர மீன், கடல் சாமந்தி, சொறிமீன், பாலிப்பு எல்லாம் அங்கே. விரியாத குடல்புழுக்களும் நுண்விலங்குகளும்கூட அங்கேதான். லின்னேயஸின் குப்பைக்கூடை சிறிதானதே தவிர, மறைந்துவிடவில்லை.

குவியே தவறியதற்குக் காரணம் உண்டு. சொறிமீனின் உடலில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். கடலிலிருந்து எடுத்த மாத்திரத்தில் குடை சரிந்து கூழாகிவிடும். சாராயத்தில் போட்டால் சுருங்கி, நிறம் போய், உருவே தெரியாமல் போகும். வெகுதொலைவிலிருந்து பாரிசுக்கு வந்துசேர்ந்த புட்டிகளில் இருந்தது சொறிமீனின் மிச்சம் மட்டுமே. ஆய்வு மேசையின் பெருமையெல்லாம் அந்த மிச்சத்தின் முன் செல்லவில்லை.

இதை முதலில் உணர்ந்தவர்கள் கப்பலில் போனவர்கள். போடேன் தலைமையில் 1800-இல் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுப் பயணத்தில் ஃப்ரான்சுவா பெரோன் என்ற இளைஞரும் ஷார்ல் லெசுவர் என்ற ஓவியரும் இருந்தனர். வாளியில் மொண்ட சொறிமீன் உயிரோடு துடிக்கும்போதே லெசுவர் வரைந்தார். அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் பலவும் இன்றும் லெ ஆவ்ர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குடையின் ஓரத்தில் இருக்கும் நுணுக்கமான மடிப்புகள்கூட அவற்றில் தப்பவில்லை. ஊர் திரும்பிய பிறகு இருவரும் சேர்ந்து மெடூசாக்களுக்கென்றே ஒரு பட்டியலை வெளியிட்டனர். புதிய பேரினங்கள் ஏராளம். ஆனால் படங்கள் இல்லாமல் சொற்கள் மட்டும் அச்சேறின. 1810 டிசம்பரில் பெரோன் காசநோயால் இறந்தார், வயது 35. படங்கள் பெட்டியில் தங்கிவிட்டன. வெறும் வர்ணனையை வைத்துக்கொண்டு அவர்கள் எந்த உயிரைச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க அடுத்த தலைமுறை திண்டாடியது.

1829-இல் டோர்பட் நகர மருத்துவப் பேராசிரியர் யோஹான் ஃப்ரீட்ரிக் எஷ்ஷோல்ட்ஸ் சொறிமீன்களை மூன்று வரிசைகளாக வகுத்தார். ரஷ்யக் கப்பல்களில் இருமுறை உலகைச் சுற்றியவர் அவர். சீப்புப் போன்ற வரிசைகளால் நீந்துபவை, குடையால் நீந்துபவை, குழல்களும் குமிழ்களுமாகச் சேர்ந்து மிதப்பவை. நல்ல கண். ஃபைசேலியா இந்த மூன்றாவது வரிசையில் சேர்ந்தது. ஆனால் எஷ்ஷோல்ட்ஸும் தாம் பார்த்த நாளில் உயிர் எப்படி இருந்ததோ அதைத்தான் வகுத்தார். நேற்று அது எப்படி இருந்தது, நாளை எப்படி ஆகும் என்பது கப்பலில் போகிறவருக்குத் தெரிய வழியில்லை. கப்பல் நகர்ந்துவிடும்.

அதற்கு ஒரே கடற்கரையில் ஆண்டுக்கணக்கில் இருக்கிற ஒருவர் வேண்டும். நார்வேயில் ஒரு பாதிரியார் இருந்தார்.

மிக்கேல் சார்ஸ் 1805-இல் பெர்கன் துறைமுக நகரில் பிறந்தார். இறையியல் படித்தார், இயற்கை வரலாற்றில்தான் ஆசை, ஆனால் அதில் பிழைக்க வழியில்லை. 1829-இல், 24 வயதுக்குள், பெர்கன் கடலோரத்துச் சிற்றுயிர்களைப் பற்றி ஒரு சிறிய நூல் போட்டார். அதில் இரண்டு புதிய உயிர்கள். ஒன்று சில மில்லிமீட்டர் உயரமே உள்ள பாலிப்பு. கடற்பாசியில் ஒட்டிக்கொண்டு வாயைச் சுற்றி உணர்நீட்சிகளை விரித்திருந்தது. அதற்கு சைஃபிஸ்டோமா என்று பெயரிட்டார். இன்னொன்றும் அதே போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான், ஆனால் உடம்பு முழுக்கக் குறுக்கே வரிவரியாகப் பள்ளங்கள். சின்னத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் இருந்தது. அதற்கு ஸ்ட்ரோபிலா என்று வேறொரு பேரினப் பெயர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தார். யாரும் குறை சொல்ல முடியாத வேலை.

1831-இல் கின் என்ற தீவுச் சபைக்குப் பாதிரியாராகப் போனார். நார்வேயின் மேற்கு ஓரத்தில், திறந்த அட்லாண்டிக்கைப் பார்த்த இடம். பல்கலைக்கழகம் இல்லை, நூலகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. வாசலில் கடல் இருந்தது. குளிர்காலத்திலும் அந்தக் கடலுக்கு அவர் போக முடிந்தது; கோடை விடுமுறைக்கு மட்டும் கடற்கரைக்கு வந்து போகும் பேராசிரியர்களுக்கு அது முடியாது. விஷயம் அங்கேதான் இருந்தது. ஏனென்றால் சொறிமீனின் ரகசியம் குளிர்காலத்தில்தான் வெளிப்படுகிறது.

ஸ்ட்ரோபிலாவை உயிரோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரிகள் நாளுக்கு நாள் ஆழமாயின. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் எட்டு மடல்கள் நீண்டன; ஒவ்வொரு மடலின் நுனியும் இரண்டாகப் பிளந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தட்டு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, துடிக்கத் தொடங்கியது. பிறகு பிய்த்துக்கொண்டு நீந்திப் போயிற்று. அடுத்தது துடித்தது. அதுவும் போயிற்று. நீந்திப் போன அந்தச் சிறு எட்டு முனை உயிருக்கு அறிவியலில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: எஃபிரா. பெரோனும் எஷ்ஷோல்ட்ஸும் அதை ஒரு தனிப் பேரினமாகவே பட்டியலில் எழுதியிருந்தார்கள். 1835-இல் சார்ஸ் இதை வெளியிட்டார். ஒரு பாலிப்பு பிளந்து சொறிமீன் போன்ற உயிர்களை உதிர்க்கிறது என்று அச்சில் படித்த ஐரோப்பிய அறிஞர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! பாலிப்புகள் ஒரு வகுப்பு, மெடூசாக்கள் வேறொரு வகுப்பு. ஒரு வகுப்பு இன்னொரு வகுப்பைப் பெறுவதா?

சார்ஸ் அங்கே நிறுத்தவில்லை. எஃபிரா பிறகு என்னவாகிறது? சைஃபிஸ்டோமா எங்கிருந்து வருகிறது? மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியெல் தம் வீட்டு ஜாடிகளில் இத்தகைய பாலிப்புகளை வளர்த்தார். டான்சிக்கில் இருந்த கார்ல் தியோடர் ஃபான் சீபோல்ட், மெடூசாவின் முட்டை ஒரு பாலிப்பாக வளர்வதை 1839-இல் எழுதினார். முழு வட்டத்தையும் சார்ஸ்தான் 1841-இல் மூடினார்.

அது இப்படி: கருவுற்ற முட்டைகளைத் தாய்ச் சொறிமீன் தன் வாயைச் சுற்றியுள்ள மடல்களின் மடிப்பில் சுமக்கிறது. அங்கிருந்து கண்ணுக்கு எட்டாத, மயிர்கள் படர்ந்த லார்வா நீந்தி வெளியேறுகிறது. சில நாட்களில் ஒரு கல்லின் அடிப்பக்கத்திலோ சிப்பியிலோ தலைகீழாகப் போய் ஒட்டுகிறது. ஒட்டாத முனையில் வாய் திறக்கிறது. நான்கு, எட்டு, பதினாறு என உணர்நீட்சிகள் முளைக்கின்றன. அதுதான் சைஃபிஸ்டோமா. குளிர் வந்ததும் அது வரிவரியாகப் பிளக்கிறது, அதுதான் ஸ்ட்ரோபிலா. உதிரும் தட்டுகள் எஃபிரா. எஃபிராவின் பிளவுகளுக்கு நடுவே சதை நிரம்பி, வட்டமாகி, சில மாதங்களில் கையகலச் சொறிமீன் ஆகிறது. அதுதான் லின்னேயஸின் மெடூசா. நான்கு பேரினங்கள், ஒரே உயிர். அவற்றில் இரண்டு சார்ஸ் தாமே சூட்டிய பெயர்கள். அவற்றைத் தாமே நீக்கினார். ஓர் அறிஞர் தம் கண்டுபிடிப்பைத் தம் கையாலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றைப் பெற்ற நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பேரினமாக இருந்த பெயர்கள் வளர்ச்சிப் பருவங்களின் பெயர்களாக நிலைத்தன. இன்றும் பாடநூல்களில் அப்படியே இருக்கின்றன.

தாயைப்போல் இல்லாத மகள், பாட்டியைப்போல் இருக்கும் பேத்தி. இதை வேறொரு கடல் உயிரில் இருபதாண்டுகளுக்கு முன்பே பார்த்தவர் ஒருவர் உண்டு. எஷ்ஷோல்ட்ஸோடு அதே ரஷ்யக் கப்பலில் போன ஜெர்மன் கவிஞர் அடெல்பர்ட் ஃபான் ஷமிசோ. சால்ப்பா என்ற கண்ணாடி உடம்பு உயிர் ஒரு தலைமுறையில் தனியாகவும் மறு தலைமுறையில் சங்கிலியாகவும் வாழ்கிறது என்று 1819-இல் எழுதினார். கவிஞரின் கற்பனை என்றே பலர் தள்ளினார்கள். 1842-இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப், சால்ப்பாவையும் சொறிமீனையும் ஒட்டுண்ணிப் புழுக்களையும் சேர்த்துவைத்து ‘தலைமுறை மாற்றம்’ என்ற கொள்கையை எழுதிய பிறகே ஷமிசோவுக்கு நியாயம் கிடைத்தது. அவர் 1838-இலேயே இறந்திருந்தார்.

இனி வகைப்பாடு பழையபடி இருக்க முடியாது. பாலிப்பும் மெடூசாவும் ஒரே வீட்டுக்குரியவை என்றால், அந்த வீட்டின் அடையாளம் என்ன? வட்ட வடிவம் போதாது என்பது தெரிந்துவிட்டது. பதில் ஒரு கப்பலின் இளநிலை மருத்துவரிடமிருந்து வந்தது.

தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1846 டிசம்பரில் ராட்டில்ஸ்னேக் என்ற போர்க்கப்பலில் ஆஸ்திரேலியக் கடலுக்குப் புறப்பட்டபோது 21 வயது. வெப்பக் கடலில் சொறிமீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிடித்த சில மணி நேரத்தில் கெட்டுவிடும். ஆடுகிற கப்பலில், ஒளி இருக்கும்போதே, நுண்ணோக்கியில் பார்த்து முடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தவர் ஒன்றைக் கண்டார். எந்த மெடூசாவை எடுத்தாலும் உடம்பு இரண்டே படலங்களால் ஆனது: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வயிறானாலும் உணர்நீட்சியானாலும் இனப்பெருக்க உறுப்பானாலும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கிறது. ஹைட்ராவும் அப்படியே. கடலில் செடிபோல் கிளைக்கும் ஹைட்ராய்டுகளும் அப்படியே. ஃபைசேலியாவும் அப்படியே. கூடவே இவை எல்லாவற்றிலும் கொட்டும் செல்கள். ஹக்ஸ்லி இன்னும் ஓரடி போனார். முதுகெலும்பிகளின் கருவில் தொடக்கத்தில் தோன்றும் இரண்டு படலங்களுக்கும் இவற்றுக்கும் ஒப்புமை இருக்கிறது என்றார். நம் ஒவ்வொருவரின் கருவும் கடந்துவந்த ஒரு நிலை சொறிமீனில் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு குறிப்பு விதை போட்டது.

பயணத்தின் நடுவிலிருந்தே கட்டுரையை அனுப்பினார். கப்பல் தலைவர் ஓவன் ஸ்டான்லியின் தந்தை நார்விச் ஆயர். அவர் வழியாக அது லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய், 1849-இல் அச்சேறியது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த எழுத்தாளருக்கு நெடுநாள் செய்தியே எட்டவில்லை. 1850-இல் ஊர் திரும்பியபோதுதான் தம் பெயர் நிலைபெற்றுவிட்டது தெரிந்தது. மறு ஆண்டு அதே சொசைட்டியின் உறுப்பினர். 1852-இல் அதன் பதக்கம்.

குவியேயின் ஆரவுடலிகளை உடைத்த கடைசி அடியை ஜெர்மனியின் ருடால்ஃப் லியுகார்ட் அடித்தார். ஹென்ரிக் ஃப்ரையோடு சேர்ந்து 1847-இலும், தனியாக 1848-இலும் எழுதினார். நட்சத்திர மீனை அறுத்தால் குடல் ஒரு தனிக் குழாயாக, உடற்குழிக்குள் தொங்குகிறது. சொறிமீனில் குடல் வேறு உடற்குழி வேறு என்பதே இல்லை. இருப்பது ஒரே வெளி, அதற்கு ஒரே வாசல். உண்பதும் அதன் வழி, கழிப்பதும் அதன் வழி. இத்தனை வேறுபட்டவற்றை வட்டமாக இருக்கின்றன என்பதற்காக ஒன்றாக வைப்பது தகாது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை எல்லாம் முட்தோலிகள் என ஒருபக்கம். சொறிமீன், ஹைட்ரா, பவளம், கடல் சாமந்தி எல்லாம் ‘குழியுடலிகள்’ என மறுபக்கம். லியுகார்ட்டுக்கு அப்போது 26 வயது. லின்னேயஸ் மூன்று வரிசைகளில் சிதறடித்த குடும்பம் தொண்ணூறு ஆண்டுகளில் ஒன்று சேர்ந்தது. 1888-இல் விலங்கியலாளர் ஹாட்ஷெக், கடற்பஞ்சுகளையும் சீப்பு வரிசைகளால் நீந்துபவற்றையும் பிரித்து வெளியே வைத்தார். எஞ்சிய கொட்டும் குடும்பத்துக்கு நிடேரியா என்று பெயர். அந்தக் கொட்டும் செல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை: ஹைட்ராவில் அது வெடித்து முள்ளை எய்ய ஆகும் நேரம் 700 நானோவினாடி. விலங்குலகில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் ஒன்று.

சார்ஸின் கண்டுபிடிப்பு விட்டுச்சென்ற சிக்கல் மட்டும் வெகுநாள் தீரவில்லை. பாலிப்புகளைப் படித்தவர்கள் ஒரு பட்டியலும் மெடூசாக்களைப் படித்தவர்கள் வேறொரு பட்டியலும் வைத்திருந்தார்கள். நம் கல்லூரி விலங்கியல் பாடத்தில் வரும் ஒபீலியாவே சாட்சி. அதன் பாலிப்புக் கிளைகளை லின்னேயஸ் செர்ட்டுலேரியா என்று எழுதினார். உதிர்ந்து நீந்தும் அதன் சின்னஞ்சிறு மெடூசாவுக்குப் பெரோனும் லெசுவரும் ஒபீலியா என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் விலங்கியலாளர் ஹேக்கல் 1879-இல் மெடூசாக்களுக்கென்றே ஒரு மாபெரும் நூல் எழுதி, அதில் ஒன்றுக்கு மறைந்த தம் மனைவி அன்னா சேத்தேயின் பெயரையும் சூட்டினார். அதுவும் மெடூசாக்களின் பட்டியல்தான். 1930-இல் எம்.ஜி.கே. மேனன் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் சென்னைக் கடலோரத்துச் சொறிமீன்களைப் பற்றி எழுதினார். அதன் தலைப்பும் மெடூசாக்களை மட்டுமே சொல்கிறது. வலையில் கிடைப்பது மெடூசாதான். அதன் பாலிப்பு எந்தக் கல்லின் அடியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது வேறு வேலை. பல இனங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

அப்படித் தேடியதால்தான் கனசதுரக் குடை கொண்ட பெட்டிச் சொறிமீன்களுக்குத் தனி வகுப்பே கிடைத்தது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் வெர்னர் 1970-களின் தொடக்கத்தில் அவற்றின் பாலிப்பை வளர்த்துக் காத்திருந்தார். அது தட்டுகளாகப் பிளக்கவே இல்லை. முழுப் பாலிப்பும் உருமாறி ஒற்றைச் சொறிமீனாக நீந்திப் போயிற்று. ஸ்ட்ரோபிலா இல்லாத குடும்பத்தை ஸ்ட்ரோபிலா உள்ள குடும்பத்தோடு வைக்க முடியாது. 2004-இல் காம்பால் ஒட்டிக்கொண்டு வாழும், நீந்தவே நீந்தாத சொறிமீன்களும் தனி வகுப்பாயின.

1984-இல் சார்ஸின் கதை அப்படியே திரும்ப நடந்தது. கடலில் அல்ல, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மீன்நோய் ஆய்வுக்கூடத்தில். ட்ரவுட் மீன்குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று, அவற்றை வட்டமடித்துச் சுழலவைத்துக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணி உண்டு. நுண்ணோக்கியில் ஒருசில செல்களாகத்தான் தெரியும். ஒருசெல் உயிரிகளோடு சேர்த்து, மிக்சோஸ்போரியா என்ற வகுப்பில் வைத்திருந்தார்கள். சேற்றுப்புழுக்களின் உடம்பில் வாழும் வேறொரு நுண்ணுயிர் முற்றிலும் வேறு வகுப்பு. கென் வுல்ஃபும் மரியா மார்க்கியூவும் மீனையும் புழுவையும் உயிரோடு வளர்த்துப் பார்த்தார்கள். மீனிலிருந்து வந்த வித்தைப் புழு தின்றது; புழுவுக்குள் அது மற்ற வகுப்பின் உருவை எடுத்தது; அங்கிருந்து வெளியேறி மீனைத் தொற்றியது. இரண்டு வகுப்புகள், ஒரே உயிர். இன்னொரு விஷயமும் பலர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வித்துகளுக்குள் சுருட்டி வைத்த இழையோடு ஒரு சிறு பை இருக்கிறது. அது சொறிமீனின் கொட்டும் பையை அச்சாக உரித்துவைத்ததுபோல் இருக்கிறது. 1990-களில் தொடங்கிய மரபணு ஒப்பீடுகள் சந்தேகத்தைத் தீர்த்தன. குடையும் வாயும் வயிறும் இழந்து, சில செல்களாகக் குறுகிப்போன அந்த ஒட்டுண்ணிகள் நிடேரியா குடும்பத்தினரே. 2020-இல் சால்மன் மீனின் சதையில் வாழும் அவற்றில் ஒன்றுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதிகூட இல்லை என்று தெரிந்தது. ஆக்சிஜனை எரித்து வாழும் வழியையே அது விட்டுவிட்டது.

சார்ஸ் 1854-இல் தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அதற்குள் இருபதாண்டுகளுக்கு மேல் பாதிரியாராகக் கழித்திருந்தார். லியுகார்ட் பிரித்துவைத்த மறுபாதியான முட்தோலிகளின் கதையிலும் அவருடைய வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. அவர் மகன் லொஃபோடன் தீவுக் கடலின் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்த ஒரு காம்புள்ள அல்லிக்கடலுயிர், வேறொரு நாட்டுக் கப்பலையே உலகைச் சுற்ற அனுப்பியது. அதற்கு முன்னால், 1845-இல் ஹெலிகோலாண்ட் தீவருகே பெர்லினின் யோஹன்னஸ் முல்லரின் வலையில் சிக்கிய, எவருக்கும் அடையாளம் தெரியாத ஒரு சிறு லார்வாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த அத்தியாயம் அங்கே தொடங்கும்.

தொடரும்